மூன்று ஹைட்ரஜனும் ஏற்றாத கற்பூரமும்

என் மடியில் இருந்த தகரப் பெட்டிக்குள் இரண்டு கண்ணாடி வில்லைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. தடிமனோ அரை மில்லிமீட்டர். அவற்றின் மேனியெங்கும் கண்ணுக்குத் தெரியாத பல இலட்சம் நுண்துளைகள். ஒற்றை அயனி வந்து ஒரு துளையின் வாயில் மோதினாலும் போதும். வில்லை அதை மின்துடிப்பாக மாற்றிச் சொல்லிவிடும். இத்தனை கூரிய புலன் உடைய அப்பொருளுக்கு ஒரு பகை உண்டு. அது ஈரம். ஈரத்தை உறிஞ்சினால் வில்லை வளையும். வளைந்தால் கீறல் விடும். அதைச் சுமந்துகொண்டு கார்த்திகை மாத அடைமழையில் செங்கற்பட்டுச் சீமையில் வந்து இறங்கினேன்.

ஆழிப்பேரலை வந்து போனதற்குப் பின் மூன்றாவது மழைக்காலம் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. ஜெர்மனியில் நான் பணியாற்றும் குழுவும் அந்நிலையமும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தோம். அவர்களது உணரி தேய்ந்துவிட்டது என்று கடிதம் வந்தது. உணரியின் உயிரான இவ்வில்லைகள் அஞ்சலில் அனுப்பினால் உடையும் என்பதால் என்னையே அனுப்பினார்கள். அதைவிடப் பெரிய பணி ஒன்றும் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

என்னை அழைத்துச் செல்ல வேனுடன் வந்தவர் ஏழுமலை. நிலையத்தின் கருவிகளைக் கழற்றவும் பூட்டவும் அவரைவிட்டால் ஆளில்லை என்று கடிதத்தில் படித்திருந்தேன். ஐம்பதை நெருங்கும் வயது. காக்கிச் சட்டைப் பையில் திருப்புளி ஒன்று எப்போதும் எட்டிப் பார்க்கும்.

"நீங்கதான் ஜெர்மனி மேடமா? இன்னா, டப்பாவ கொயந்த மாரி புட்சிகினு கீறீங்க? குடுங்க, பின்னால வெச்சிடறேன்."

மடியிலேயே இருக்கட்டும் என்றேன்.

"இருக்கட்டும், இருக்கட்டும். வயில அயுவாதில்ல?"

குழந்தை அழவில்லை, வேன்தான் அழுதது. ஊரப்பாக்கத்தைத் தாண்டியதும் சாலையில் முழங்காலளவு நீர். வேன் இருமுறை விக்கி, நின்றது. லாரிகள் எழுப்பிய அலை கதவு இடுக்கு வழியே என் காலணிக்குள் புகுந்தது. இறங்கி, சாலையோரத் தேநீர்க் கடையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினோம்.

வில்லைகள் ஒரு சிறு பேழைக்குள் இருந்தன. பேழையைச் சுற்றித் தகரப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் மணிகளை நிரப்பியிருந்தேன். உலர்ந்திருக்கும்வரை அம்மணிகள் நீலம். ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகிவிடும். மூடியைச் சற்றே தூக்கிப் பார்த்தேன். பாதி மணிகள் சிவந்திருந்தன. இன்னும் சில மணி நேரம் இப்படியே போனால் மீதியும் சிவக்கும்; அதன்பின் வில்லைகளுக்குக் காவல் இல்லை. என் முகத்தை ஏழுமலை பார்த்திருக்க வேண்டும்.

"இதுக்கா பேஜார் ஆகறீங்க? வறுத்துட்டா தீந்துச்சு."

கடைக்காரரிடம் பழைய பிஸ்கட் டின்னின் மூடி ஒன்றை வாங்கினார். "இதுல இனிமே திங்கற சாமான் எதுவும் வெக்காத, மச்சான். எனக்கே குட்த்துடு" என்று சொல்லிவிட்டு, சிவந்த மணிகளை அதில் கொட்டி அடுப்பில் வைத்தார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, நம்ம கடையில ஜவ்வரிசி வறுக்கிறியா?"

"ஜவ்வரிசி இல்ல மச்சான். மயய வறுத்துகினு கீறேன்."

ஒதுங்கி நின்ற அனைவரும் சிரித்தார்கள். பள்ளிப் பையைத் தலைக்குக் குடையாகப் பிடித்திருந்த ஓர் ஆசிரியை மட்டும் நெருங்கி வந்து பார்த்தார். மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. "அய்யய்யோ, நெறம் மாறுதே!" என்று அவர் கூவ, கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்தார். எங்கள் ஜெர்மானிய ஆய்வகத்தில் இதே வேலைக்குத் தனி அடுப்பு உண்டு. அதற்கு வெப்பச் சீராக்கியும், யார் எப்போது பயன்படுத்துவது என்று எழுதிவைக்கும் தாளும் உண்டு. என் முறை வர ஒருமுறை இரண்டு நாள் காத்திருக்கிறேன். ஊரப்பாக்கத்தில் அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்குள் இஞ்சித் தேநீரும் இரண்டு மசால்வடையும் ஆயின.

மறுநாள் காலை விருந்தினர் இல்லத்தில் இட்லியும் வடகறியும் கிடைத்தன. பதினோராண்டுகளாகக் காலையில் கடினமான ரொட்டியை அறுத்துக்கொண்டிருக்கும் எனக்கு, மெல்லாமலே கரையும் உணவு என்பது மறந்துபோயிருந்தது. உணவறைச் சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகையில் மூன்று பிழைகள். பழக்க தோஷத்தால் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டேன். பரிமாறியவர் பார்த்துக்கொண்டே இன்னுமோர் இட்லி வைத்தார்.

ஆய்வகத்தில் அமுதாவைக் கண்டேன். கருங்குழியில் பயிர்த்தொழில் செய்த குடும்பம். தந்தை இப்போது மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றின் கம்பெனிப் பேருந்தை ஓட்டுகிறார். ஐந்தாண்டுகளாக இந்த இருட்டறையில் அமுதா ஒரே ஒரு வினாவோடு வாழ்ந்துவருகிறாள். உதவித்தொகை அம்மாத இறுதியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டின் கடைசி இயலை முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை காத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் ஆய்வேடு அப்படியே நின்றுவிடும் என்பது அவளுக்கும் தெரியும், அவள் வீட்டுக்கும் தெரியும்.

அவள் வினா இது. மெத்தனால் என்பது ஆறே அணுக்களின் சிறு குடும்பம்: ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், நான்கு ஹைட்ரஜன். அதன் மீது லேசர் ஒளியைத் துடிப்பு துடிப்பாகப் பாய்ச்சுகிறோம். ஒரு நொடியைக் கோடி கோடிக் கூறுகளாக வகுத்து அவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் எவ்வளவோ, அவ்வளவே ஒரு துடிப்பு நீடிக்கும் காலம். அத்தனை குறுகிய காலத்துக்குள் ஒளியை நெருக்கிவிடுவதால், எலக்ட்ரான் என்னும் எதிர்மின்னியை அணுக்கரு பிடித்துவைத்திருக்கும் பிடிக்கு நிகரான வலிமை ஒளிக்கு வந்துவிடுகிறது. எதிர்மின்னி ஒன்று பறிபோனால் மூலக்கூறு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டு பறிபோனால், எஞ்சிய நேர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும், பிணைப்பு அறும், துண்டுகள் வெடித்துச் சிதறும். சிதறிய துண்டுகள் ஒரு குழாய் வழியே ஓடி வில்லையில் மோதும். இலேசானது முந்தும், கனமானது பிந்தும். வந்து சேரும் நேரத்தைக் கொண்டே வந்தது எது என்று சொல்லிவிடலாம். திரையில் அது எடை வரிசையாக எழும்: ஒற்றை ஹைட்ரஜன் ஒன்றாம் இடத்தில், இரட்டை இரண்டாம் இடத்தில், முழு மெத்தனால் முப்பத்திரண்டாம் இடத்தில்.

அமுதா மூன்றாம் இடத்தில் ஒரு முகட்டைக் கண்டிருந்தாள். அதன் பொருள், மூன்று ஹைட்ரஜன்கள் ஒரே துண்டாக வெளியேறின என்பது. மெத்தனாலுக்குள் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல. ஆயின், எல்லாம் வெடித்துச் சிதறும் அந்தப் பொழுதுக்குள், சிதறுவதற்குச் சற்று முன், அவை தமக்குள் கூடிப் புதிய பிணைப்புப் பூண்டு ஒன்றாக வெளியேறுகின்றன. உடைப்பதற்கென்றே அனுப்பிய ஒளியின் நடுவே ஒரு கூடல். முதன்முதலில் அந்த வரைபடத்தை அஞ்சலில் பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் நாங்கள் இதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் ஒருவர், அது மெத்தனாலிலிருந்து வந்ததா, அது உடையும் வெற்றிடக் கலத்தின் சுவரில் ஒட்டிய ஏதோ அழுக்கிலிருந்து வந்ததா என்று கேட்டுவிட்டார். ஹைட்ரஜன் நிறைந்த எந்த அழுக்கும் அந்த மூன்றைத் தரக்கூடும். ஆகவே எங்கள் குழு ஒரு முடிவு செய்தது: நான் நேரில் சென்று என் கண்ணால் காண வேண்டும், கண்டால் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும், இல்லையேல் கட்டுரையிலிருந்து எங்கள் பெயர்களை விலக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பெயர்கள் விலகினால் அந்தக் கடைசி இயல் நிற்காது. நான் சொன்ன பெரிய பணி இதுதான்.

சோதனை எளிது. மெத்தனால் உள்ளே வரும் வால்வை மூட வேண்டும். மூன்றாம் இடத்து முகடு மறைந்தால் அது மெத்தனாலுடையது, மறையாவிட்டால் அழுக்குடையது. பழைய உணரியைக் கொண்டே முதலில் பார்த்துவிடலாம் என்றேன். அமுதா வால்வை மூடினாள். முப்பத்திரண்டு மெல்லத் தணிந்து மறைந்தது. மூன்றும் தணிந்தது, ஆனால் மறையவில்லை.

அதுமட்டுமன்று. திரையின் வலக்கோடியில், நூற்றைம்பத்திரண்டாம் இடத்தில், அங்கே இருக்கக் காரணமே இல்லாத ஒரு முகடு நிமிர்ந்து நின்றது.

"இது எப்போதிலிருந்து?" என்றேன்.

"ஒரு ஆறு வாரமா மேடம். ஏதோ கரைப்பான் மிச்சம்னு நெனச்சேன். தொடச்சு தொடச்சுப் பாத்துட்டேன், போகல. இத அப்புறமா பாத்துக்கலாம்னு..." தெளிவான படங்கள் எல்லாமே அந்த ஆறு வாரங்களில் எடுத்தவை. அதற்கு முன் எடுத்தவற்றில் மூன்றாம் இடத்து முகடு, தேய்ந்த உணரியின் இரைச்சலோடு இரைச்சலாக, உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். திரையைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்: "அப்ப மூணு நான் பாத்ததே இல்லயா மேடம்?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

பிற்பகலில் புதிய வில்லைகளைப் பொருத்துவதற்காக வெற்றிடக் கலத்தைத் திறந்தோம். உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டு, திருகாணிகளை ஏழுமலை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மூடி எழுந்தது. கலத்திலிருந்து வந்தது எந்திர எண்ணெயின் மணமன்று, கோயில் மணம். கற்பூரம்.

கற்பூர மூலக்கூறின் எடையை அமுதா விரல்விட்டு எண்ணினாள். பத்துக் கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். நூற்று இருபது, நூற்று முப்பத்தாறு, நூற்றைம்பத்திரண்டு.

ஏழுமலை திருப்புளியைக் கீழே வைத்தார். "நான்தான் வெச்சேன்."

ஆயுத பூஜையன்று கருவிகள் அனைத்தையும் துடைத்துப் பொட்டிட்டு, பொரி கடலை வைப்பது அங்கே வழக்கம். ஆனால் ஆய்வகக் கதவில், எரியும் நீர்மங்கள் இருப்பதால் உள்ளே தீ ஏற்றலாகாது என்று பெரிய பலகை தொங்குகிறது. பலகையைத் தொங்கவிட்டவரே ஏழுமலைதான்.

"கொளுத்தக் கூடாதுன்னு ரூலு கீது. சரி, கொளுத்தாத வெப்போம்னு ரெண்டு வில்ல கற்பூரத்த அந்த ஓ-ரிங் டப்பாக்குள்ள வெச்சு மூடிட்டேன். ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு ஆயுதம். டிரைவருக்கு வண்டி. அமுதாவுக்கு லேசரு. எனக்கு இன்னா கீது? அந்த ரிங்குதான மேடம் என் ஆயுதம்."

கலத்தின் மூட்டுகளில் காற்று புகாமல் காப்பவை ரப்பர் வளையங்கள். மூடிய பெட்டிக்குள் கற்பூரம் மெல்ல ஆவியாகி அவ்வளையங்களுக்குள் ஊறியிருக்கிறது. மறுநாள் காலையில் ஏழுமலை அவற்றையே எடுத்துக் கலத்திலும் மெத்தனால் குழாயிலும் பூட்டியிருக்கிறார். ஏற்றியிருந்தால் இரண்டு நிமிடத்தில் எரிந்து தீர்ந்திருக்கும். விதியை மீறாமல் நடந்த ஒருவரால் ஆறு வாரங்களாக எங்கள் வெற்றிடத்துக்குள் கற்பூரம் கமழ்ந்துகொண்டிருந்தது.

அமுதா சட்டென்று, "ஆறு வாரமா மண்டய பிச்சிக்கிட்டு திரியறேண்ணா! பொரி மட்டும் வந்து குடுத்தீங்க, இத சொன்னீங்களா?" என்றாள். குரல் சிரிப்பில் தொடங்கி வேறெங்கோ முடிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் லேசர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏழுமலை கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரிங்கு எல்லாத்தயும் மாத்திட்டா அயுக்கு போய்டுமா மேடம்?"

போய்விடும் என்றேன், வளையங்களை மாற்றி, கலத்தை இரண்டு நாள் சூடேற்றினால். ஆனால் நல்ல வளையங்களை வெளிநாட்டிலிருந்து தருவிக்க மூன்று வாரம் ஆகும் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரம் அமுதாவிடம் இல்லை.

"மூணு வாரம் எதுக்கு? நாளிக்கி காத்தால ரெடியா இருங்க."

மூன்றாம் நாள் ஏழுமலையும் நானும் மறைமலைநகருக்குப் போனோம். வேன் இன்னும் பட்டறையில் மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்ததால் பேருந்தில்தான் பயணம். திருக்கழுக்குன்றத்தில் மாறினோம், செங்கற்பட்டில் மாறினோம். கொளவாய் ஏரி விளிம்புவரை நிறைந்து, தண்டவாளத்துக்குத் துணையாகப் படுத்திருந்தது. ஜெர்மனியில் பேருந்து இரண்டு நிமிடம் தாமதித்தால் நிறுத்தத்தில் நிற்போர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். செங்கற்பட்டில் எங்கள் பேருந்து நாற்பது நிமிடம் தாமதித்தது. அந்த நாற்பது நிமிடத்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி தம் மகளின் திருமணப் பேச்சை முழுவதும் எனக்குச் சொல்லி, என் கருத்தையும் கேட்டு, அதை மறுத்தும் விட்டார்.

மறைமலைநகரில் அமுதாவின் தந்தை கோதண்டம் எங்களுக்காகக் காத்திருந்தார். காலைப் பணியாளர்களை இறக்கிவிட்டுப் பேருந்தை ஓரங்கட்டியிருந்தார். "கம்பெனி பஸ்ல வெளியாள ஏத்தக் கூடாதும்மா. இல்லனா டவுன் முயுக்க சுத்திக் காட்டுவேன்" என்று வருந்தினார். பிறகு, என்னைப் பாராமல் ஏழுமலையைப் பார்த்துக் கேட்டார்: "பொண்ணு நேத்து போன்ல சரியா பேசல. இன்னா ஆச்சு?"

"என்னாலதான் நைனா" என்றார் ஏழுமலை. முழுவதையும் சொன்னார். தமக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

கோதண்டம் கேட்டு முடித்துச் சிறிது நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "பூஜைக்கு வண்டி சக்கரத்துல எலுமிச்சம்பயம் வெக்கறேன். அது என் வண்டிய ஒண்ணும் பண்ணாது. உன் வண்டி அப்டி இல்ல போல." அவ்வளவுதான். இறங்கி முன்னே நடந்தார்.

அவர் அழைத்துச் சென்றது ஓர் உதிரிப்பாகக் கடை. அளவு வாரியாகக் கயிற்றில் கோத்த ரப்பர் வளையங்கள் வளையல் கடைபோல் கூரையிலிருந்து தொங்கின.

"எந்த வண்டிக்கு?" என்றார் கடைக்காரர்.

"வண்டிக்கு இல்ல. லேசருக்கு" என்றார் ஏழுமலை.

"லேசரா? கண்ணு ஆபரேசனா?"

"மெத்தனால ஒடைக்கறதுக்கு."

"அத்த எதுக்குங்க ஒடைக்கணும்? குடிச்சாலே ஆளு ஒடஞ்சிடுவான்."

எங்களுக்கு வேண்டியது பெட்ரோல் செலுத்தும் குழாய்களில் இடும் வளையம். பெட்ரோலையே தாங்குவது வெற்றிடத்தையும் வெப்பத்தையும் தாங்கும். ஆனால் பார்வைக்கு எல்லாம் ஒன்றே. போலியும் அதே நிறத்தில் வருகிறது. பிரித்தறிவது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் ஏழுமலை, "ஒண்ணு ரெண்ட கொளுத்திப் பாக்கலாமா?" என்று கேட்டார். கடைக்கு வெளியே, குடைக்கடியில் குந்தி, இடுக்கியில் ஒரு வளையத்தைப் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். முதல் வளையம் கரும்புகையோடு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வளையத்தில் தீக்குச்சியை எடுத்ததும் தீயும் போய்விட்டது. எரியாததுதான் நமக்கு வேண்டியது. ஏழுமலை என்னைப் பார்த்தார். "இப்ப கொளுத்தினேன் பாருங்க. அன்னிக்கே வெளியில வெச்சுக் கொளுத்தி இருக்கணும்."

விலையைக் கோதண்டம் தாமே கொடுத்தார். தடுத்தும் கேட்கவில்லை.

அன்று மாலையே பழைய வளையங்களைக் கழற்றிப் புதியவற்றை ஆல்கஹாலால் துடைத்துப் பூட்டினார் ஏழுமலை. நான் வில்லைகளைப் பொருத்தினேன், கீறல் ஏதுமில்லை. கலத்தைச் சுற்றிச் சூடேற்றும் பட்டையை அமுதா புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல் இடைவெளியின்றிச் சுற்றினாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கை நீளும் முன்பே அவள் சாவியைக் கொடுத்தாள். அவள் கேட்கும் முன்பே அவர் விளக்கைப் பிடித்தார்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் காத்திருப்பதே வேலை. மழை விட்டிருந்தது. அமுதாவும் நானும் மாமல்லபுரத்துப் பாறைகளிடையே நடந்தோம். அவள் கைப்பையில் கருங்குழியிலிருந்து வந்த வேகவைத்த வேர்க்கடலை. ஒரு பெரும்பாறையை யாரோ பிளக்கத் தொடங்கி, வரிசையாகக் குழிகள் வெட்டி, ஏனோ விட்டுப் போயிருந்தார்கள். அதன் முன் ஜெர்மானியக் கணவனும் மனைவியும் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். "இது மின்னல் வேலை" என்றார் கணவர். "மின்னல் இப்படிக் கோடு போட்டா அடிக்கும்? குழிகளைப் பார்" என்றார் மனைவி. அவர்கள் பேச்சை நான் அமுதாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் சிரித்தாள், அந்த வாரத்தில் முதல் தடவை. "நாங்க மின்னல் கட்சி மேடம். குழி போடறதில்ல. அடிச்சதுக்கப்புறம் எங்க ஒடஞ்சுதுன்னு தேடறோம்."

பின் கடலைத் தோலை உரித்தபடி கேட்டாள்: "நாளைக்கு மூணு வரலன்னா நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்க இல்ல?"

"மாட்டேன்."

"போடக் கூடாது" என்றாள். "வரலன்னாலும் நான்தான் மொதல்ல எழுதுவேன்."

ஐந்தாம் நாள் பிற்பகல் மின்சாரம் போயிற்று. மின்னாக்கி எழும் வரையிலான சில நொடிகளில் வெற்றிடப் பம்பு நின்றால் காற்று பின்னோக்கிப் பாய்ந்து இரண்டு நாள் வேலையும் வீணாகும். நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் ஏழுமலை பம்புக்கும் கலத்துக்கும் நடுவிலுள்ள வால்வை மூடிவிட்டிருந்தார். உணவு வேளையிலும் அவர் அந்த வால்வின் பக்கத்தை விட்டு அகலாதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆறாம் நாள் காலை கலம் ஆறியது. லேசரை எழுப்பினோம். மெத்தனால் வால்வு மூடியே இருந்தது. திரையில் நூற்றைம்பத்திரண்டாம் இடம் வெறுமை. மூன்றாம் இடமும் வெறுமை. நீராவியின் பதினெட்டு மட்டும், எந்த வெற்றிடத்தையும் விட்டு முற்றிலும் நீங்காத அந்தப் பதினெட்டு, சிறிதாக நின்றது. அழுக்கு போய்விட்டது. இனி உள்ளே வருவது எதுவானாலும் மெத்தனாலுடையது.

அமுதா வால்வைத் திறந்தாள். முப்பத்திரண்டு எழுந்தது. அதன் துண்டான பதினைந்து எழுந்தது. ஒன்றும் இரண்டும் எழுந்தன. மூன்றாம் இடத்தில் ஒன்றுமில்லை. துடிப்புகள் வந்து வந்து சேர்ந்தன. நூறு, ஆயிரம், பல ஆயிரம். பிறகு, அடிவானத்தில் கட்டுமரத்தின் பாய் தெரிவதுபோல், அங்கே ஒரு சிறு நிமிர்வு தெரிந்தது. அது தாழவில்லை. வளர்ந்தது.

அமுதா ஆர்ப்பரிக்கவில்லை. வால்வை மூடினாள். மூன்று மறைந்தது. திறந்தாள், வந்தது. மூடினாள்; மறைந்தது. ஏழாம் முறையோ எட்டாம் முறையோ ஏழுமலை பொறுக்கமாட்டாமல், "இன்னாம்மா, தொறக்கற, மூடற, தொறக்கற, மூடற? தண்ணி வர்ற கொயாயா அது?" என்றார்.

"இருங்கண்ணா. இன்னும் ரெண்டு வாட்டி" என்றாள். கன்னம் நனைந்திருந்தது, கை மட்டும் வால்வைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

ஆனால் அவள் அளவுகோலை எடுத்தபோது ஓர் உண்மை தெரிந்தது. உணரியின் வேறுபாட்டுக்கு ஈடுசெய்து கணக்கிட்டால், முகட்டின் உயரம் பழைய படங்களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான்.

"பாதி எங்க போச்சு?" என்றார் ஏழுமலை.

"அது உங்க கற்பூரம்ணா. அதுலயும் ஹைட்ரஜன் இருக்குல்ல. அதுவும் மூணு மூணா வுட்டிருக்கு."

ஏழுமலை சற்று எண்ணிப் பார்த்தார். "அப்ப ஆறு வாரமா உங்கூட நானும் ஆராய்ச்சி பண்ணிகினு இருந்திருக்கேன்."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்கியதும் பதிவேட்டின் நினைவு வந்தது. கருவியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் காரணத்தோடு தமிழில் எழுதிவைக்கும் பெரிய பதிவேடு அது. வெளியூர் சென்றிருந்த பேராசிரியர் திரும்பியதும் முதலில் படிப்பது அதைத்தான். ஏழுமலையின் பணி ஆண்டுதோறும் அந்தப் பேராசிரியரின் கையொப்பத்தால் நீட்டிக்கப்படுவது. அமுதா என்னைப் பார்த்தாள். 'கரைப்பான் மாசு' என்று பொதுவாக எழுதலாமா என்று கேட்டாள். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. பொய் என்று சொல்ல முடியாத ஒரு மங்கலான வாக்கியத்தை மனத்துக்குள் கட்டத் தொடங்கியும்விட்டேன்.

"நான் வெச்சதுன்னே எழுதும்மா" என்றார் ஏழுமலை. "பாதி உன்துன்னு நீ நெஜத்த சொல்ற. மீதி பாதி யார்துன்னு கேப்பாங்க இல்ல? அதுக்கு மட்டும் பேரு இல்லாத இருந்தா எப்டி?"

அமுதா அரை மணி நேரம் எழுதினாள். பிறகு பதிவேட்டை என்னிடம் நீட்டினாள். "பிழை இருந்தா திருத்திடுங்க மேடம். உங்கள பத்தி கெஸ்ட் ஹவுஸ்ல சொன்னாங்க."

பேனாவைத் திறந்து படித்தேன்.

'ஆயுத பூஜையன்று, ஆய்வகத்துக்குள் தீ ஏற்றக் கூடாது என்ற விதிப்படி, ஏழுமலை அண்ணன் கற்பூரத்தை ஏற்றாமல் வளையப் பெட்டியில் வைத்தார். அது வளையங்களில் ஊறியது. கலத்தைத் திறந்ததும் அவரே சொன்னார். புது வளையங்களை அவரே தேடி வந்து பூட்டினார். மின்சாரம் போனபோது அவரே வால்வை மூடினார். நான் முன்பு எடுத்த படங்களில் மூன்றின் உயரத்தில் பாதி கற்பூரத்துடையது. அவற்றை விலக்கிவிட்டேன். மீதிப் பாதி மெத்தனாலுடையது. இன்று ஒன்பது முறை பார்த்தேன்.'

இரண்டாம் முறையும் படித்தேன். 'அவரே' என்னும் சொல் மூன்று முறை வந்திருந்தது. வேறெங்கேனும் கண்டிருந்தால் இரண்டை நீக்கியிருப்பேன். ஒன்றையும் தொடாமல், அதன் கீழே என் பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன்.